ஆண்டவரும் அடங்கியவரும் இடம் மாறினால்: காலனிய இனவெறியைப் பகடி செய்யும் படம் எடுப்பது எப்படி?

சீருடை அணிந்த ஆஸ்திரேலியப் பழங்குடியினர் சிலர் படகில் வந்து கரையிறங்குகிறார்கள். கரையில் வெள்ளையர் கூட்டம் ஒன்று அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தை என்னவென்று சொல்வீர்கள் என்று வந்தவர்களின் தலைவர் கேட்கிறார். பார்பிக்யூ ஏரியா என்று பதில் வருகிறது. அத்தோடு முடிந்தது. நாடு கண்டுபிடிக்கப்பட்டாயிற்று, பெயரும் வைத்தாயிற்று: பாபாகியூரியா. 1986-ல் ஆஸ்திரேலியாவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் வந்த சுமார் அரை மணி நேரப் படம் அது. ஜெஃப்ரி ஏதர்டன் எழுதி, டான் ஃபெதர்ஸ்டோன் இயக்கியது. வெள்ளையர் குடியேறிய 200-வது ஆண்டை 1988-ல் கொண்டாட நாடே தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது.

இந்த வகைப் படம் எடுக்க நினைப்பவர்கள் அதைக் குறைந்தது இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை சிரிப்பதற்கு. இரண்டாம் முறை, படத்தில் எது மாறவில்லை என்று எண்ணிப் பார்ப்பதற்கு. வீடுகள், கார்கள், தெருக்கள், கால்சட்டை எல்லாம் அன்றைய ஆஸ்திரேலியப் புறநகரில் இருந்தபடியே இருக்கின்றன. மாறியது ஒன்றுதான்: அமைச்சர், போலீஸ், தொலைக்காட்சி நிருபர் ஆகிய நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. கைவினையின் பாதி இந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மீதிப் பாதியைக் கீழே பார்ப்போம்.

முதலில் கோப்பு, பிறகு கதை

கற்பனையிலிருந்து தொடங்காதீர்கள். ஒரே ஒரு சட்டம் அல்லது ஒரே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். “காலனியம்” என்று மொத்தமாக எடுத்தால் படம் சொற்பொழிவாகிவிடும். உதாரணத்துக்கு, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1909-ம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம். 1915-ல் அதில் செய்த திருத்தம், நீதிமன்ற விசாரணை இல்லாமலே பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் அதிகாரத்தைப் பழங்குடியினர் பாதுகாப்பு வாரியத்துக்குக் கொடுத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஏ. ஓ. நெவில் என்பவர் 1915 முதல் இந்த மக்களின் முதன்மைப் பாதுகாவலராக இருந்தார். பதவிப் பெயரைக் கவனியுங்கள். பகடிக்கு இதைவிட நல்ல வசனத்தை நீங்கள் எழுதிவிட முடியாது. பிரிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்கள் 1997-ல் வெளியான மனித உரிமை ஆணைய அறிக்கையில் ஏராளமாக இருக்கின்றன.

ஒரு பத்து நிமிடப் படத்துக்குப் பத்துப் பதினைந்து ஆவணங்கள் போதும்: சட்டப் பிரிவு, சுற்றறிக்கை, ஆண்டறிக்கை, செய்தித்தாள் துணுக்கு, புகைப்படம், செய்திப்படத்தின் பின்னணி உரை. இவற்றை வைத்து நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்று போடுங்கள். முதல் பத்தியில் உண்மையில் நடந்தது. இரண்டாவதில், அதை அதிகாரி எந்தச் சொல்லில் எழுதினார் என்பது. மூன்றாவதில், ஆட்களைத் திருப்பினால், அதாவது ஆண்டவரையும் அடங்கியவரையும் இடம் மாற்றினால், அது எப்படி இருக்கும். நான்காவதில், திருப்பாமல் அப்படியே விடவேண்டியது எது. இரண்டாம் பத்தி காலியாக இருக்கும் வரிசையை அடித்துவிடுங்கள். அதிகாரியின் சொல் கையில் இல்லாத காட்சி பெரும்பாலும் எழுத்தாளரின் கோபமாகவே முடியும்.

கனடாவின் ஆவணங்களிலும் இப்படி ஒன்று உண்டு. 1940-களிலிருந்து, வடதுருவப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் பெயர்கள் அரசுக்கு வாயில் நுழையவில்லை என்பதற்காக, எண் பொறித்த சிறு வில்லை ஒன்றை ஆளுக்கு ஆள் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த மக்களே வெள்ளையர்களை ஆய்வு செய்யும் ‘கலுனாட்’ என்ற படம் 2006-ல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து வந்தது. அதில் வெள்ளையரை ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. தங்களை ஆராய எத்தனை பேர் பெட்டியோடு வந்து இறங்கினார்கள் என்பதற்கு இனுயிட் மக்கள் கொடுத்த பதில் அது.

எதைத் திருப்புவது

திருப்புவது ஒரே ஒரு அச்சில்தான் இருக்க வேண்டும். அதிகாரத்தை இடம் மாற்றினால் உடை, மொழி, கட்டடம், தொழில்நுட்பம் எதையும் தொடாதீர்கள். கற்பனை நாட்டுக்குக் கற்பனைக் கொடி, கற்பனைக் கோபுரம், கற்பனை நாணயம் என்று போனால் பார்வையாளரின் கவனம் அந்தப் புதுமைகளைப் புரிந்துகொள்வதிலேயே செலவாகிவிடும். தான் அன்றாடம் பார்க்கும் தெரு அது என்ற உறுத்தல் வராது. பட்ஜெட்டுக்கும் இதுவே நல்லது.

வெறும் நிறத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 1995-ல் வந்த ‘ஒயிட் மேன்ஸ் பர்டன்’ பாடம். ஹாரி பெலஃபான்டே பணக்காரர், ஜான் டிரவோல்டா ஏழைத் தொழிலாளி. கறுப்பர் மேலே, வெள்ளையர் கீழே. நடிப்பில் குறையில்லை. ஆனால் இந்த ஏற்றத்தாழ்வு எந்தச் சட்டத்தால், எந்தக் கோப்பால், எந்தப் பள்ளிப் பாடத்தால் நிற்கிறது என்று படம் காட்டவே இல்லை. அதனால் பார்வையாளர், “யார் மேலே வந்தாலும் இப்படித்தான்” என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போக முடிகிறது. இந்த வகைப் படத்துக்கு நேரக்கூடிய மிக மோசமான முடிவு அதுதான். எல்லாரும் குற்றவாளி என்றால் ஒருவரும் குற்றவாளி இல்லை.

ஆகவே ஆட்களைத் திருப்புவதைவிட நடைமுறையைத் திருப்புங்கள்: கணக்கெடுப்பு, அளவெடுப்பு, அனுமதிச் சீட்டு, மறுகுடியேற்றம், “பாதுகாப்பு”. நைஜர் நாட்டு நண்பர்களோடு பிரெஞ்சு மானுடவியலாளரும் இயக்குநருமான ஜான் ரூஷ் எடுத்த ‘பெத்தி தா பெத்தி’ படத்தில், மாடி வீடுகளில் மனிதர்கள் எப்படித்தான் வாழ்கிறார்கள் என்று பார்த்துவர, அந்த நண்பர்களில் ஒருவரான தமூரே சிகா பாரிசுக்குப் போகிறார். தெருவில் போகிறவர்களை நிறுத்தித் தலையை அளவெடுக்கிறார், பல்லைக் காட்டச் சொல்கிறார். அவர் யாரையும் திட்டவில்லை. மானுடவியலாளர் ஆப்பிரிக்காவில் செய்ததைப் பாரிசில் அதே மரியாதையோடு செய்கிறார், அவ்வளவுதான்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமல்ல. 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இங்குள்ளவர்களின் மூக்கையும் தலையையும் கருவி வைத்து அளந்தவர். 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூலைப் புரட்டினால் ஒரு படத்துக்கான பின்னணி உரை தயாராகக் கிடைக்கும். சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவு செய்த 1871-ன் குற்றப் பழங்குடியினர் சட்டமும் அப்படியே. 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் அது கைரேகைச் சட்டமாக ஊர் ஊராக வந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆனால் இதைத் திருப்பும்போது ஒரு எச்சரிக்கை தேவை. ரேகை உருட்டிய கையும் பதிவேடு எழுதிய கையும் பெரும்பாலும் உள்ளூர்க் கைகள். வெள்ளையரை மட்டும் திருப்பிவிட்டு உள்ளூர் எழுத்தரையும் ஏட்டையும் மறைத்தால் படம் பாதிப் பொய். திருப்பிய உலகத்திலும் தன் ஊர்க்காரர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தரும் ஆங்கிலேய எழுத்தர் ஒருவர் இருக்கட்டும்.

வடிவமும் நீளமும்

அதிகாரம் எந்த வடிவத்தில் பேசியதோ அந்த வடிவத்தையே கடன் வாங்குங்கள். செய்திப்படம், தொலைக்காட்சி ஆவணப்படம், பயண நிகழ்ச்சி, நன்கொடை வேண்டும் விளம்பரம், அருங்காட்சியக விளக்கவுரை என்று எதுவாகவும் இருக்கலாம். 2012-ல் நார்வே மாணவர் அமைப்பு ஒன்று வெளியிட்ட ‘ரேடி-எய்ட்’ காணொளி, குளிரில் நடுங்கும் நார்வே குழந்தைகளுக்காக ஆப்பிரிக்கர்கள் ஹீட்டர் திரட்டும் நன்கொடைப் பாடல். பட்டினிக் குழந்தைகளை வைத்து நன்கொடை கேட்கும் ஐரோப்பியப் பாடல்களின் இலக்கணம் முழுதும் அதில் இருக்கிறது.

திருப்பம் புரிய அரை நிமிடம் போதும். அதற்குப் பிறகு அந்தத் திருப்பம் மட்டுமே நகைச்சுவையாக நிற்காது. இதை வைத்து நீளத்தை முடிவு செய்யுங்கள். இரண்டு மூன்று நிமிடத் துணுக்குக்கு ஒரு சூழல், ஒரு திருப்பம். 1998-ல் பி.பி.சி.யின் ‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’ நிகழ்ச்சியில், மும்பையில் ஆங்கிலேய உணவகத்துக்குப் போகும் இந்திய நண்பர்கள் இருப்பதிலேயே சப்பென்ற பதார்த்தத்தைக் கேட்டுச் சர்வரைப் படுத்தும் பாடு இந்த அளவுக்குச் சரியான உதாரணம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் என்றால் மூன்று நான்கு காட்சிகள் வேண்டும், ஒவ்வொன்றிலும் விலை ஏற வேண்டும். அரை மணி நேரம் என்றால் முதலில் ஒரு மாதிரியாகவும் கடைசியில் வேறு மாதிரியாகவும் இருக்கும் மனிதர் ஒருவராவது வேண்டும்.

விலை ஏறுவது என்றால், முதல் காட்சியில் பெயர் போகிறது, அடுத்ததில் பழக்கவழக்கத்துக்குத் தவறான விளக்கம் வருகிறது, பிறகு வீடு போகிறது, பிறகு பிள்ளை போகிறது. பாபாகியூரியாவும் இப்படிப் படிப்படியாகவே ஏறுகிறது. பார்வையாளர் எந்தப் படியில் சிரிப்பை நிறுத்துகிறார் என்பதுதான் படத்தின் மையம். பிள்ளையைக் கொண்டுபோகும் காட்சியை முதல் மூன்று நிமிடத்தில் வைக்காதீர்கள். சிரித்துப் பழகாத பார்வையாளருக்கு அது வெறும் சோகக் காட்சி. சிரித்துப் பழகியவருக்குத் தன் சிரிப்பே தொண்டையில் சிக்கும்.

பின்னணிக் குரல் எழுதுவது

மொத்த வேலையில் கடினமானது இது. மூன்று உறுப்புகள் கொண்ட ஒரு சூத்திரம் உண்டு: பார்த்தது சரி, சொல்லும் காரணம் தவறு, குரலில் சந்தேகமே இல்லை. ஒரு மாதிரி:

“வாரக் கடைசியில் குடும்பத் தலைவர் வீட்டு முன்னால் உள்ள புல்லைச் சீராக வெட்டுகிறார். வெட்டிய புல்லை எந்தக் கால்நடைக்கும் கொடுப்பதில்லை. ஒரு காலத்தில் ஆடு மாடு வைத்திருந்த மக்களிடம் எஞ்சிய சடங்காக இது இருக்கலாம்.”

இதில் பொய்யான தகவல் எதுவும் இல்லை. “இந்த முட்டாள்கள் புல்லை வளர்த்து வெட்டி எறிகிறார்கள்” என்று எழுதினால் தகவல் அதேதான், ஆனால் காட்சி செத்துவிடும். காலனிய எழுத்து பெரும்பாலும் திட்டவில்லை, அன்போடு விளக்கியது. இன்னொன்று:

“வெளுத்த தோலே உயர்ந்தது என்று நம்பும் இம்மக்கள், கோடையில் கடற்கரையில் படுத்து அதைக் கருக்க முயல்கிறார்கள். ஏன் என்று கேட்டோம். அவர்களால் விளக்க முடியவில்லை.”

கடைசி வாக்கியம்தான் ஆயுதம். விளக்க முடியாதவர்கள் அவர்கள், விளக்கும் உரிமை நமக்கு என்று பின்னணி பேசும் நிருபர் எடுத்துக்கொள்கிறார். கொள்கை பேசும் இடத்தில் செயப்பாட்டு வினைக்கு மாறுங்கள்: “சிறுமியின் எதிர்காலம் கருதி அவள் நல்ல சூழலுக்கு மாற்றப்பட்டாள். தாய் சற்று உணர்ச்சிவசப்பட்டார்.” மாற்றியவர் யார் என்பது வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறது. கோப்புகளில் போனது போலவே.

பிள்ளையைப் பிரிக்கும் காட்சிக்கு நகைச்சுவை வரி எழுதாதீர்கள். குரலின் கனிவு மட்டும் மாறாமல் இருக்கட்டும். பேச்சு முடிந்த பிறகும் ஷாட்டை எட்டுப் பத்து நொடி தாயின் மேல் வைத்திருங்கள். நிருபர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார், கேமரா போகவில்லை என்பது தெரிய வேண்டும்.

அளவு: தமிழில் நிதானமான பின்னணி உரைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல். பத்து நிமிடப் படத்தில் உரை நான்கு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 400 சொல். அதற்கு மேல் போனால் படத்தில் இருப்பவர்களுக்குப் பேச இடமில்லை. அவர்கள் பேச வரும் போது குரல் குறுக்கிட்டால் நல்லது. அது வேண்டுமென்றே செய்ததாகத் தெரிய வேண்டும், இடநெருக்கடியாகத் தெரியக் கூடாது.

நடிகர்கள்

அதிகாரிகளாக நடிப்பவர்கள் அந்த வரலாற்றை அனுபவித்த சமூகத்திலிருந்து வர வேண்டும். முகத்தில் சாயம் பூசி நிறம் மாற்றுவது, எந்தத் திசையிலானாலும், வேண்டாம். சாயம் பூசிய முகம் பார்வையாளரை ஒப்பனையைப் பார்க்க வைக்கிறது. போதாததற்கு, கறுப்புச் சாயம் பூசி மேடையேறிய இனவெறிக் கூத்துகளின் நினைவும் கூடவே வருகிறது. பாபாகியூரியாவை எழுதியவரும் இயக்கியவரும் வெள்ளையர்கள்தான். அமைச்சராக நடித்த பாப் மேஸாவோ 1970-களின் தொடக்கத்தில் பழங்குடி நாடக இயக்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர். அந்த அமைச்சரின் புன்னகையில் இருக்கும் துல்லியம், தன்னை அப்படிப் பார்த்துப் புன்னகைத்தவர்களைக் கவனித்து வைத்திருந்த ஒருவருடையது. நீங்கள் வெளியிலிருந்து வந்து எழுதுபவர் என்றால், எழுத்துப் பிரதியைப் படிக்க அந்தச் சமூகத்தைச் சேர்ந்த இருவரையாவது சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள். அவர்கள் அடித்த வரி அடித்ததுதான் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள்.

நடிப்புக்கு ஒரே கட்டளை: யாருக்கும் தாங்கள் நகைச்சுவைப் படத்தில் இருப்பது தெரியாது. கண்சிமிட்டல், இழுத்த புன்னகை, “புரிகிறதா?” என்ற பார்வை எதுவும் ஆகாது. ஒத்திகையில் நடிகர் சிரித்துவிட்டால் அந்த வரியை வெட்டாதீர்கள், அந்த வரியை இன்னும் பத்து முறை சொல்ல வையுங்கள். ஆளப்படும் குடும்பம் சாதாரணமாக, பிரியத்துக்குரியவர்களாக இருக்க வேண்டும். அவர்களைக் கோமாளியாக்கினால் அதிகாரியின் பார்வை நியாயமாகிவிடும்.

கேமராவும் ஒலியும்

அதிகாரிக்கு மேசை, நாற்காலி, டிரைபாட், கண்மட்ட ஷாட், 50 மி.மீ. லென்ஸ். குடும்பத்துக்கு நின்றபடி குழுவாக, சற்று உயரத்திலிருந்து, 35 மி.மீ. லென்ஸில். அளவெடுக்கும் காட்சியில் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் காட்டுங்கள், காலனியப் புகைப்படங்களில் இருப்பது போல. அந்தக் காட்சியை வெட்டி வெட்டிக் காட்டாமல் ஒரே ஷாட்டில் 40 நொடி ஓட விடுங்கள். அளப்பவருக்கு அவசரமில்லை என்பதே அதிலுள்ள அவமானம்.

திரையில் வரும் எழுத்துக்குச் செலவே இல்லை, பலன் அதிகம். அதிகாரிக்குப் பெயரும் பதவியும். தாய்க்கு “ஒரு தாய்” என்று மட்டும். படத்தில் யாராவது ஒருவர் ஒரே ஒரு முறை கேமராவை நேராகப் பார்க்கலாம். அதை இரண்டாம் முறை செய்தால் உத்தியாகிவிடும்.

நிருபருக்குக் காலர் மைக். குடும்பத்துக்கு நீண்ட கோலில் தொங்கும் பூம் மைக், அதுவும் ஒரு அடி தள்ளி. அவர்கள் குரல் சற்றே தூரத்தில் கேட்கும். ஒலிக் கலவையில் நிருபர் குரலின் உச்சம் −6 டெசிபலைத் தாண்டாமல் வைத்து, குடும்பத்தின் குரலை அதற்கு நான்கைந்து டெசிபல் கீழே விடுங்கள். ஆனால் ஒரு சொல்கூடப் புரியாமல் போகக் கூடாது. கைபேசியில் கேட்டுச் சரிபாருங்கள். ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாத 30 நொடி ஒலியைப் பதிவு செய்து வையுங்கள். தாயின் மேல் நிற்கும் அந்தப் பத்து நொடிக்கு அதுதான் வேண்டும், இசை அல்ல. கோமாளி இசை, சிரிப்பொலி இரண்டும் தடை. எடிட்டிலும் பார்வையாளர் சிரித்து முடிக்கட்டும் என்று இடைவெளி விடாதீர்கள். உண்மையான ஆவணப்படம் விடாது.

போட்டுக் காட்டும்போது

முதல் எடிட் முடிந்ததும் இரண்டு குழுவுக்குத் தனித்தனியாகக் காட்டுங்கள், குழுவுக்கு ஆறேழு பேர். ஒன்று அந்த வரலாறு தெரிந்தவர்கள், மற்றொன்று தெரியாதவர்கள். சேர்த்து உட்காரவைத்தால் தெரியாதவர் தெரிந்தவரைப் பார்த்துச் சிரிப்பார். முடிந்ததும் மூன்று கேள்வி: யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள்? எங்கே சிரிப்பு நின்றது? இது உலகத்தில் எங்கே நடந்தது?

முதல் கேள்விக்குக் “குடும்பத்தைப் பார்த்து” என்று வந்தால் குடும்பத்தின் காட்சிகளில் நையாண்டி ஏறியிருக்கிறது, குறையுங்கள். இரண்டாவதற்கு “எங்கும் நிற்கவில்லை” என்றால் படிகள் ஏறவில்லை. மூன்றாவதற்கு “எங்கும் நடக்கலாம், யார் வந்தாலும் இதுதான்” என்று வந்தால் மேலே சொன்ன நோய் பிடித்திருக்கிறது. அதற்கு மருந்து வசனத்தில் உபதேசம் சேர்ப்பதல்ல, அட்டவணைக்குத் திரும்புவது. சட்டத்தின் ஆண்டு, பிரிவு எண், படிவத்தின் கேள்விகள் போன்ற குறிப்பான விவரங்களை உரைக்குள் நுழைத்துவிடுங்கள். உண்மையான கோப்பிலிருந்து 20 நொடிப் பத்தி ஒன்றை, ஒரு சொல்லும் திருப்பாமல், அதே நிருபரின் குரலில் வாசிக்க வைக்கலாம். “இது உண்மை நிகழ்வு” என்று கடைசியில் அட்டை போடுவதைவிட இது வேலை செய்யும்.

வெளியிடும்போது

படம் முழுதாகச் சுற்றாது, 30 நொடித் துண்டுகளாகத்தான் சுற்றும். நிருபர் கனிவாக இனவெறி பேசும் துண்டு மட்டும் தனியாகப் போனால் அதை உண்மை என்று நம்புபவர்களும் இருப்பார்கள், அதை ரசிப்பவர்களும் இருப்பார்கள். அதனால் கற்பனைத் துறையின் பெயரும் முத்திரையும் எல்லாக் காட்சியிலும் திரையின் ஓரத்தில் நிற்கட்டும். “வெள்ளையர் நலத்துறை” என்று ஒரு மூலையில் இருந்தால் எங்கே வெட்டினாலும் கூடவே வரும். முத்திரையை நீங்களே வரையுங்கள். இந்தியாவில் அரசின் சிங்க முகச் சின்னத்தை அனுமதியில்லாமல் பயன்படுத்துவது 2005-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், பகடி என்ற பதில் அங்கே உதவும் என்று நம்ப வேண்டாம். உயிரோடு இருக்கும் அதிகாரியின் பெயரையோ சாயலையோ வைக்காதீர்கள். சப்டைட்டில் எழுதுபவருக்கு அட்டவணையின் இரண்டாம் பத்தியைக் கட்டாயம் கொடுங்கள். “பாதுகாப்பு”, “மாற்றப்பட்டாள்” போன்ற சொற்கள் மற்ற மொழியிலும் அரசாங்கச் சொற்களாகவே வர வேண்டும். அவற்றைப் பேச்சுவழக்கில் பெயர்த்தால் குரல் போய்விடும், குரல் போனால் படம் போய்விடும்.